வீல் பேரிங் தேய்ந்திருக்கிறதா? சத்தத்தில் தொடங்கிச் சக்கரத்தில் உறுதிசெய்யும் முறை

கார் 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் காரின் அடியிலிருந்து ‘ஊம்ம்’ என்று ஒரே சீரான இரைச்சல் எழுந்து, வேகம் கூடக் கூட அதுவும் கூடி, வேகம் குறைந்ததும் தானும் அடங்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு: ஒன்று டயர், மற்றொன்று சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் வீல் பேரிங். இவ்விரண்டின் சத்தமும் மிகவும் ஒத்திருப்பதால், நல்ல பேரிங்கைக் கழற்றிவிட்டுப் புதியது போட்ட பிறகும் இரைச்சல் தொடர்வதும், பேரிங் கெட்டிருக்கும்போது நான்கு டயர்களையும் மாற்றிவிடுவதும் பட்டறைகளில் நடக்கத்தான் செய்கின்றன. காது ஒரு சந்தேகத்தைத்தான் தரும். எந்தச் சக்கரம் என்பதைக் கைதான் உறுதிசெய்ய வேண்டும். முதலில் ஓட்டிப் பார்த்து, அடுத்து டயரைத் தடவிப் பார்த்து, அதன்பின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்ப்பது என்ற வரிசையைக் கைக்கொண்டால், கார் வேலையில் முன்பழக்கம் இல்லாதவரும் ஒரு காலைப் பொழுதில் நம்பத்தக்க முடிவுக்கு வந்துவிடலாம். நம் ஊரில் மிகுதியாக ஓடுகிற, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் சிறிய கார்களை மனத்தில் வைத்தே இங்கு விளக்குகிறேன். மற்ற வண்டிகளுக்கும் அடிப்படை இதுவே.

பேரிங்குக்குள் நடப்பது

இன்றைய கார்களின் வீல் பேரிங் பெரும்பாலும் ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், அவற்றுக்கிடையே இரண்டு வரிசை எஃகுக் குண்டுகள், குண்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து நிறுத்தும் கூடு, உள்ளே கிரீஸ், இரு பக்கமும் ரப்பர் சீல் என்ற அமைப்பில், திறந்து கிரீஸ் வைக்க முடியாதபடி மூடியே வருகிறது. 165/80 ஆர்14 அளவு டயர் போட்ட ஒரு கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முறை சுற்றுகிறது. அவ்வளவு சுற்றிலும் வண்டியின் எடையில் தன் பங்கை அந்தக் குண்டுகளே தாங்குகின்றன. வளையத்தின் ஓடுபாதையில் மிகச் சிறிய செதிலொன்று பெயர்ந்துவிட்டாலும், ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியில் இறங்கி ஏறுகிறது. அந்த அதிர்வு நக்கிள் (பேரிங்கைத் தாங்கி நிற்கும் உலோகப் பாகம்), சஸ்பென்ஷன், பாடி என்று பரவி, உள்ளே அமர்ந்திருப்பவருக்கு இரைச்சலாகக் கேட்கிறது.

செதில் பெயர்வதற்கு வயது மட்டுமே காரணமன்று. கண்ணுக்குத் தெரியாத வேகத்தடையிலும் பள்ளத்திலும் வேகமாக இறங்கும்போது குண்டுகள் ஓடுபாதையில் அழுந்தித் தழும்பு விழுகிறது. அதிக பாரமும், சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் அகலமான அலாய் வீல்களும் ஸ்பேசர்களும் பேரிங்கின் மீது விழும் சுமையை மாற்றுகின்றன. எல்லாவற்றிலும் மோசமான எதிரி தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நடந்ததைப் போல, ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பாகம்) மூழ்கும் அளவுக்குத் தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால், சீல் வழியாக உள்ளே கசிந்த நீர் கிரீஸைக் கெடுத்து, குண்டுகளில் துருவை உண்டாக்கி, வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் சத்தமாக வெளிப்படும். எனவே வெள்ளத்தில் நின்ற வண்டியில் இரைச்சல் கேட்டால், பேரிங்கின் மீதான சந்தேகத்தை ஒரு படி உயர்த்திக்கொள்வது நியாயம். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது உயர் அழுத்தப் பீச்சியை ஹப்பின் சீலுக்கு நேராக வெகு அருகில் பிடிப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

முதல் படி: ஓட்டிக் கேட்பது

டயர்களில் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்பிக்கொண்டு, போக்குவரத்து குறைந்த, புதிதாகத் தார் போட்ட சீரான சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு, ஏசி, விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். கூட ஒருவர் இருப்பது நல்லது: முதலில் அவர் முன்னிருக்கையிலும், பிறகு பின்னிருக்கையின் இரு ஓரங்களிலும் அமர்ந்து கேட்கட்டும். ஆனால் முன்னா பின்னா என்று காது சொல்வதை முடிவாகக் கொள்ளாதீர்கள். காரின் தகட்டுப் பாடி ஓசையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்திவிடுவதால், பின்பக்கப் பேரிங்கின் சத்தம் முன்னால் கேட்பதும் உண்டு.

40இலிருந்து மெதுவாக வேகத்தை உயர்த்தி, சத்தம் எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் உரக்க ஒலிக்கிறது என்பதைக் கூட இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். பழுது நீங்கியதா என்று பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் குறிப்புதான் உதவும்.

அடுத்து, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிளட்சை முழுவதும் மிதித்து, ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். இன்ஜின் சுற்று சட்டென்று விழும். வண்டியோ ஏறக்குறைய அதே வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும். இரைச்சலும் சுற்றோடு சேர்ந்து விழுந்தால் காரணம் இன்ஜின் பக்கம். சிறிதும் மாறாமல் தொடர்ந்தால், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. வேகத்தை விடாமல், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒருவிதமாகவும் விட்டால் வேறுவிதமாகவும் ஒலிக்கும் ஊளை, பெரும்பாலும் கியர்பாக்ஸிலோ, இழுவையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலிலோ இருக்கும் பற்சக்கரங்களுடையது. வீல் பேரிங் இன்ஜினின் இழுவையைப் பொருட்படுத்தாது. இந்தச் சோதனையின்போது எக்காரணம் கொண்டும் இன்ஜினை அணைக்கக்கூடாது. அணைத்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்கின் துணைவிசையும் போய்விடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் நியூட்ரலுக்குப் போகவே வேண்டாம். ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டுக் கேட்டால் போதும்.

இரண்டாம் படி: வளைவில் எடையை மாற்றுவது

ஓட்டும் சோதனைகளில் மிகப் பயனுள்ளது இதுதான். வண்டி வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களின் மீது சாய்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கச் சக்கரங்களின் மீது சாய்கிறது. தேய்ந்த பேரிங் சுமை கூடும்போது உரக்கவும், சுமை குறையும்போது அடங்கியும் ஒலிக்கும் என்பதால், வலப்பக்க வளைவில் இரைச்சல் எழுந்து இடப்பக்க வளைவில் ஏறக்குறைய மறைந்துவிட்டால் இடப்பக்கப் பேரிங்கையும், அதற்கு நேர்மாறாக நடந்தால் வலப்பக்கப் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு நீண்ட, மென்மையான, தொடர்ந்து ஒரே பக்கம் திரும்பும் வளைவு தேவை. ஏற்காடு, கொடைக்கானல் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் பயன்படா. அங்கே வேகம் மிகக் குறைவு, சத்தமே எழாது. சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தின் வட்டப் பாதைகள், சத்தம் குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிட்ட வண்டிக்கு உதவும். ஆனால் நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் அந்த வட்டங்கள் எல்லாமே இடப்பக்கம்தான் திரும்புகின்றன. அவை வலப்பக்கச் சக்கரங்களை மட்டுமே சோதிக்கும். நெடுஞ்சாலையின் அகன்ற வளைவுகளில் இரு பக்கத்தையும் கேட்டுவிடலாம். முன்னும் பின்னும் வண்டியே இல்லாத நேரான சாலையாக இருந்தால், 50 கிலோமீட்டர் வேகத்தில், தன் தடத்துக்குள்ளேயே ஸ்டீயரிங்கைச் சற்று வலமும் இடமுமாக மெதுவாக அசைத்தும் பார்க்கலாம். ஒரு வண்டி தென்பட்டாலும் இதைச் செய்யக்கூடாது.

இந்த விதிக்கு விலக்கு உண்டு. பேரிங்குக்குள் இரண்டு வரிசைக் குண்டுகள் இருப்பதால், எந்த வரிசையின் ஓடுபாதை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, எதிர்ப்பக்க வளைவில் சத்தம் கூடுவதும், எந்த வளைவிலும் மாறாமல் இருப்பதும் நடக்கும். ஆகவே வளைவுச் சோதனை சுட்டும் பக்கத்தை முதலில் ஆராய வேண்டிய பக்கமாக மட்டும் கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு மட்டும் பேரிங்கை வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: டயரை விலக்குவது

சாலையின் மேற்பரப்பு மாறும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தார் சாலை முடிந்து சிமென்ட் சாலை தொடங்கும் இடத்தில் டயரின் இரைச்சல் உடனே தன் குரலை மாற்றிக்கொள்ளும். பேரிங்கின் உறுமல், பின்னணியில் மற்றச் சத்தங்கள் கூடினாலும் குறைந்தாலும், அதே சுருதியில் தொடரும். டயர் இரைச்சல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உச்சத்தைத் தொட்டு, அதைத் தாண்டியதும் தணிவதும் உண்டு. பேரிங் பொதுவாக வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும்.

பிறகு வண்டியை நிறுத்தி, கையுறை இல்லாமல் உள்ளங்கையை டயரின் மேற்பட்டையில் வைத்து, சுற்றளவின் போக்கிலேயே முன்னும் பின்னும் தடவுங்கள். கம்பி நீட்டியிருந்தால் கையைக் கிழிக்கும். முதலில் கண்ணால் பார்த்துவிடுவது அவசியம். ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் ரம்பப் பல்லாகவும் தட்டுப்பட்டால், பட்டையின் கட்டங்கள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். சக்கரங்களின் கோண அமைப்பான அலைன்மென்ட் பிசகினாலும், ஷாக் அப்சார்பர் தளர்ந்தாலும், டயர்களை நெடுங்காலம் இடம் மாற்றாமல் ஓட்டினாலும் இப்படித் தேயும். தேய்ந்த டயர் அச்சு அசல் பேரிங் போலவே ஊளையிடும்.

ஐயம் தீரவில்லை என்றால், ஒரே பக்கத்து முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். சத்தத்தின் இடமோ தன்மையோ மாறினால் குற்றவாளி டயர். எதுவும் மாறவில்லை என்றால் டயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். சிறிய உழைப்பில் பெரிய செலவைத் தவிர்க்கும் சோதனை இது. பேரிங் வாங்கக் கிளம்பும் முன் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: தூக்கிச் சுழற்றி, ஆட்டிப் பார்ப்பது

சமமான, உறுதியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். முன்சக்கரத்தைத் தூக்குவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் விடப்பட்டிருந்தால்தான் சக்கரம் சுழலும் என்பதால், வண்டியை முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுப்பது கட்டாயம். ஜாக்கியைத் தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டும் வைத்துத் தூக்கி, உடனே ஆக்சில் ஸ்டாண்டில் (தூக்கிய வண்டியைத் தாங்கும் முட்டு) எடையை இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக்கூடாது.

இப்போது ஒரு கையால் டயரைப் பிடித்து மெதுவாகச் சுழற்றி, மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷனின் காயில் ஸ்பிரிங் மீது இலேசாக வையுங்கள். பேரிங்கின் அதிர்வை ஸ்பிரிங் நன்றாகக் கடத்தும். பேரிங் நலமாக இருந்தால் ஸ்பிரிங்கில் எதுவும் தெரியாது; கெட்டிருந்தால், திரிகைக் கல்லைச் சுற்றும்போது கைப்பிடியில் தெரிவதைப் போன்ற தொடர்ச்சியான கரகரப்பு விரல் நுனிக்கு வந்து சேரும். பிரேக் பேடு உரசும் ‘சர்’ என்ற ஓசையை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: உரசல் பெரும்பாலும் காதில் மட்டுமே கேட்கும், சுற்றுக்கு ஒரு முறை கூடிக் குறையும், ஸ்பிரிங்கில் அவ்வளவாகத் தெரியாது. எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் அவசியம் தூக்கி, அதே முறையில் சோதியுங்கள். எது இயல்பு என்பதைப் புதியவருக்குக் காட்டித் தருவது அந்த ஒப்பீடுதான். ஒரே ஒரு சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அனுபவமுள்ள மெக்கானிக்குக்கே கடினம்.

அடுத்தது ஆட்டம். கடிகார முள்ளின் 12, 6 மணி இடங்களில் டயரைப் பற்றிக்கொண்டு, மேல் கையால் தள்ளும்போதே கீழ்க் கையால் இழுங்கள். பிறகு 3, 9 மணி இடங்களில் அதையே செய்யுங்கள். 3, 9 நிலையில் மட்டும் ஆட்டம் இருந்தால் சக்கரத்தைத் திருப்பும் பாகங்களான டை ராட் எண்டோ ஸ்டீயரிங் ரேக்கோ தளர்ந்திருக்கலாம். இரு நிலைகளிலும் ‘டக் டக்’ என்று ஆடினால் பேரிங்கின் மீது சந்தேகம் வலுக்கிறது. 12, 6 நிலையில் மட்டும் ஆடினால் அது பேரிங்காகவும் இருக்கலாம், நக்கிளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் கீழ் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு: நீங்கள் சக்கரத்தை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருப்பவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். பிரேக் டிஸ்க்கை நக்கிளோடு இறுக்கிப் பிடித்துவிடுவதால், பேரிங்கில் இருந்த ஆட்டம் அப்போது மறைந்துவிடும்; பால் ஜாயிண்டின் ஆட்டமோ அப்படியே தொடரும்.

ஆட்டமே இல்லையென்பதால் பேரிங் நல்லது என்று முடிவுகட்டுவதுதான் புதியவர்கள் மட்டுமல்லாமல் பல பட்டறைகளும் செய்யும் தவறு. இரட்டை வரிசைப் பேரிங்கில் ஓடுபாதை கெட்டு இரைச்சல் நன்றாகவே தொடங்கிய பிறகும், வெகுதூரம் ஓடும் வரை கைக்கு ஆட்டம் தென்படாது. முதலில் சத்தம், பிறகு கரகரப்பு, கடைசியில்தான் ஆட்டம்.

சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து, இன்ஜினை ஓட்டிக் கியர் போட்டுச் சுழற்ற முயலாதீர்கள். தரையில் நிற்கும் சக்கரம் அசையாததால், டிஃபரன்ஷியல் தூக்கிய சக்கரத்தை ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுழற்றும்; வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவினால் எதிரே நிற்பவரின் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லிஃப்டும் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பும் இருக்கும் பட்டறையில் பயிற்சியுள்ளவர்கள் செய்ய வேண்டிய சோதனை அது.

சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பிரேக்கை அதிகம் தொடாமல் 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இடவல ஹப்புகளின் சூட்டை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஒப்பிடலாம்தான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சூடேறுவதற்குப் பிடித்துக்கொண்ட பிரேக் காலிப்பரே (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பேரிங்கைவிட வழக்கமான காரணம். டிஸ்க்கில் விரல் வைத்தால் வெந்துவிடும்.

பேரிங் அல்லாத வேறு சத்தங்கள்

ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பிக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்று கேட்டால் அது சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் சிவி ஜாயிண்ட் என்ற மூட்டு. கீச்சென்ற உயர்ந்த ஓசை பிரேக்கைத் தொட்டதும் நின்றாலோ மாறினாலோ பேடுகளைப் பாருங்கள். திடீரென்று ஒருநாள் தகரத்தைக் கிழிப்பதுபோல் சத்தம் வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே சல்லிக்கல் சிக்கியிருக்கக்கூடும். மெதுவாகச் சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் அது விழுந்துவிடுவதும் உண்டு.

எப்போது ஓட்டக்கூடாது

மெல்லிய இரைச்சல் மட்டும் இருந்து, கரகரப்பு குறைவாகவும் ஆட்டம் இல்லாமலும் இருந்தால், பட்டறைக்கு நேரம் வாங்கிக்கொண்டு ஊருக்குள் மிதமான வேகத்தில் ஓட்டலாம். வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தாலோ, இரைச்சல் அரைப்பது போன்ற கடூரமாக மாறினாலோ, ஸ்டீயரிங் அதிர்ந்தாலோ, கிரீஸ் கருகும் வாடை வந்தாலோ வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். முற்றிலும் சிதைந்த பேரிங்கில் சக்கரம் இறுகி நின்றுவிடவோ, ஹப்போடு கழன்றுவிடவோ கூடும். சத்தத்துடன், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேரிங்கின் ஆட்டத்தால் சக்கர வேக சென்சாருக்குச் சரியான சமிக்ஞை கிடைக்காமல் போவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

சில வண்டிகளில் ஹப்பும் பேரிங்கும் ஒரே பாகமாக, போல்ட்டுகளால் மாட்டும்படி வரும். அதை மாற்றுவது எளிது. பேரிங்கை நக்கிளுக்குள் அழுத்திப் பொருத்தும் வகையாக இருந்தால் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். நக்கிளுக்குள் தள்ளும்போது விசை வெளிவளையத்தின் மீதும், ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்தின் மீதும்தான் விழ வேண்டும். இடம் மாறி அழுத்தினாலும், சுத்தியலால் அடித்து இறக்கினாலும், குண்டுகள் ஓடுபாதையில் தழும்பேற்படுத்தி, புதிய பேரிங் முதல் நாளிலிருந்தே முனகத் தொடங்கும். ‘போன மாதம்தான் மாற்றினேன், மறுபடியும் சத்தம்’ என்று கேள்விப்படும்போது, பொருளைக் குறை சொல்லும் முன் பொருத்திய முறையை விசாரிப்பதே சரி.

ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி அமைய வேண்டும். ஆக்சில் நட்டைப் புதியதாகப் போட்டு, அந்த மாடலுக்கு உரிய அளவில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். நட்டு இறுகும் முன் வண்டியின் எடையைச் சக்கரத்தில் இறக்கி உருட்டினாலே பேரிங் கெட்டுவிடும். பழைய, பின்சக்கர இழுவை வண்டிகளில் இருக்கும் டேப்பர் ரோலர் பேரிங் மட்டும் வேறு வகை: அதைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து, நட்டைச் சரிசெய்து மீண்டும் பயன்படுத்தலாம், அளவுக்கு மீறி இறுக்கினால் சூடேறிக் கருகும்.

போலிப் பேரிங்குகள் சந்தையில் இருப்பதால், எஸ்கேஎஃப், என்பிசி, எஃப்ஏஜி போன்ற அறியப்பட்ட தயாரிப்பையோ கார் நிறுவனத்தின் உதிரிபாகத்தையோ அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள். எதிர்ப்பக்கப் பேரிங் சத்தமின்றி, கரகரப்பின்றிச் சுழன்றால், ஜோடியாக மாற்றத் தேவையில்லை. கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி, உள்வளையத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். ஸ்பிரிங்கில் உணர்ந்த அதே கரகரப்பு அதில் இருக்க வேண்டும். ஸ்ட்ரட்டையும் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) நக்கிளையும் இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால் அலைன்மென்ட்டையும் பார்த்துவிட்டு, முதலில் குறித்துவைத்த அதே சாலையில் அதே வேகங்களில் ஓட்டிக் கேளுங்கள். இரைச்சல் குறைந்து, ஆனால் முற்றிலும் நீங்காமல் இருந்தால், இரண்டாவது ஒரு பேரிங்கும் தேய்ந்திருக்கலாம், அல்லது டயரும் சேர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கலாம். அப்போது மூன்றாம் படியிலிருந்து சோதனையைத் திரும்பத் தொடங்க வேண்டும்.